என் வீட்டுக்காரிக்கு எதிராக நான் மைக் பிடித்த தேர்தல்

எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் ஊருக்கு முதலில் தெரிவது என் குரலில்தான். கோவில்பட்டியிலிருந்து புதூர் போகிற வழியில் எட்டுப் பத்து ஊர்கள். அத்தனைக்கும் மைக் செட் என்றால் என் செட்டுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். தேர்தலுக்கு மட்டும் குழாயோடு வாயையும் சேர்த்து வாடகைக்கு விடுவேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேச்சு எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. கடலைக்காட்டில், ரேஷன் வரிசையில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஜனங்கள் சொல்வதைக் காதில் போட்டு வைத்துக்கொள்வேன். மழை பொய்த்த ஒரு வருஷம் ஓட்டுக் கேட்டுப் போனபோது, பருத்தி வெடிக்காத காட்டைக் காட்டி விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி சொன்னார்: "வானமும் ஒங்க ஆளு மாதிரிதாம்வே. இருட்டிக்கிட்டு வருது, இடிக்குது, நம்மளைப் பாத்துக் கும்பிடுது, பக்கத்து ஊருக்குப் போயிருது." அன்று முழுக்க நான் யாருக்கு ஓட்டுக் கேட்டேன் என்பது மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

ஆரம்பத்தில் மாட்டு வண்டியில்தான் போவோம். வண்டியின் முன்னால் குழாய், உள்ளே வைக்கோலுக்கு நடுவில் பேட்டரி, பக்கத்தில் நான். பாதை குலுங்கும்போது பேச்சும் சேர்ந்து குலுங்கும். அப்புறம் சில வருஷம் வாடகைக் கார் வந்தது. பிறகு ஆட்டோ. நடுவில் தேர்தலே வைக்காமல் விட்ட வருஷங்களும் உண்டு. அப்போது ஆபீசர்தான் ஊருக்கு எல்லாம். "ஓட்டுக் கேக்க ஒரு பய வரல, நம்மளை உசுரோட இருக்கோம்னு நெனைக்கானுவளா இல்லையா" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

என் தொழிலுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். வெற்றிலை பாக்கு வைத்து யார் கூப்பிட்டாலும் போவேன். வெற்றிலையை வாங்கிவிட்டால் பின்வாங்க மாட்டேன். எதிராளியை ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால் ஒரே ஊரில், ஒரே பதவிக்கு, எதிரும் புதிருமாக நிற்கிற எல்லாருக்கும் நானே சொல்லியிருக்கிறேன். காலையில் மேலத்தெருவில் ஏணிச் சின்னம், மத்தியானம் கீழத்தெருவில் குடைச் சின்னம். ஒரு தடவை தண்ணீர்க் குழாயடியில் ஒரு அம்மா வண்டியை மறித்தார்.

"ஏ அண்ணாச்சி, நேத்து ஏணிக்குப் போடச் சொன்னீரு, இன்னைக்குக் குடைங்கீரே!"

"நேத்து வெயிலு தாயி. இன்னைக்கு மேகம் போட்டிருக்குல்லா?"

குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஓட்டு எண்ணின அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

அந்தத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நான்கு பேர். நான்கு பேருக்கும் நான். எண்ணி முடித்து வெளியே வந்த ஏஜென்ட் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். செல்லாத ஓட்டு மட்டும் ஒரு கட்டு. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட அது அதிகம். பாதிக்கு மேல், தலைவர் ஓட்டுக்கான ரோஸ் சீட்டில் நான்கு சின்னத்திலும் வரிசையாக நான்கு முத்திரை. அழகாக, கட்டத்துக்கு வெளியே போகாமல்.

ஊருக்கு வந்து விசாரித்தேன். கீழத்தெரு அம்மா ஒருவர் ஒளிக்கவே இல்லை.

"நாலு பேரும் வீட்டுக்கு வந்து கும்பிட்டாவ. நாலு பேருக்கும் போடுதேன்னு சொல்லியாச்சு. மைக்குல நீரும் நாலுக்கும் போடச் சொன்னீரு. ஒருத்தருக்குப் போட்டு மூணு பேரு மொகத்துல எப்படி முழிக்க? அதான் எல்லாருக்கும் வச்சிட்டேன். குறை இல்லாம."

அவர் முகத்தில் நல்ல காரியம் செய்த திருப்தி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு, வீடு தேடி வந்து கும்பிட்டவரிடம் இல்லை என்று சொல்ல வராது. 'ஒரு சீட்டில் ஒரு முத்திரைதான்' என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்வதை அதற்குப் பிறகுதான் வழக்கமாக்கினேன். ஆனால் ஊரில் என் குரலுக்கு என்ன மரியாதை என்பதை நான் அப்போதும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதைப் புரிய வைத்தது என் வீட்டுக்காரி.

அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள்; தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். விடியற்காலை வேன் வரும், பொழுது சாயக் கொண்டுவந்து விடும். நாங்கள் இருப்பது ஓடைக்கு இந்தப் பக்கம். நாற்பது, ஐம்பது வீடு. தாய் ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம். பஞ்சாயத்து ஆபீஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் அங்கே. நடுவில் ஒன்றரை மைல் கரிசல் காட்டுப் பாதை. கோடையில் ஒன்றும் இல்லை. மழை இறங்கிவிட்டால் கரிசல் மண் செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். அந்தச் சகதியில் எங்கள் பெண்கள் இருபது கிலோ அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஐப்பசியில் அவளோடு வேலை பார்க்கிற ஒரு பெண் மூட்டையோடு விழுந்து கை முறிந்தது. அரிசி முழுக்க மண். கட்டுப் போட்ட கையோடு அந்தப் பெண் ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்கள் வார்டு என்று பட்டியல் வந்தது. வார்டு என்றால் எங்கள் தெருவும், ஓடைக்கு அந்தப் பக்கம் மேலத்தெருவில் பாதியும். பட்டியல் வந்த அன்று காலையிலேயே மேலத்தெருப் பெரிய சம்சாரி வீட்டிலிருந்து வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம். அவர்கள் வீட்டு மருமகள் தேர்தலில் நிற்கிறாள். மெம்பர் பதவிக்கு மைக் வைப்பது எங்கள் பக்கத்தில் புதுசு. எனக்குச் சந்தோஷம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

பொழுது சாய வேனை விட்டு இறங்கி வந்தவள், முகத்தைக்கூடக் கழுவவில்லை.

"நான் மெம்பருக்கு நிக்கப் போறேன்."

"எந்த வார்டுக்கு?"

"நாம எங்கன குடியிருக்கோம்? அந்த வார்டுக்குத்தான். வேன்ல வரையில எல்லாரும் பேசியாச்சு. ரேஷன் கடை ஓடைக்கு இங்கன வரணும். கேக்க ஒரு ஆள் அங்க உக்காரணும்."

அவள் கண் தாம்பாளத்துக்குப் போனது. பழத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாரு வந்துட்டுப் போறாவ?"

சொன்னேன்.

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன். இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வாரேன்."

"எதுக்கு? இத்தனை வருசமா வாங்குன வெத்தலையைத் திருப்பாத மனுசன் பொண்டாட்டிக்காகத் திருப்பிட்டாருன்னு ஊரு பேசவா? போய்ச் சொல்லுங்க. எனக்கு ஒங்க மைக் வேண்டாம்."

"ஏட்டி, மைக் இல்லாம எப்படி?"

"ஒங்க குரல் எல்லாருக்கும் சொன்ன குரல். ஒங்களை எல்லாருக்கும் பிடிக்கும், சிரிப்பாவ, கேப்பாவ. ஆனா நீங்க சொன்னீங்கன்னு ஒருத்தி நம்பி ஓட்டுப் போடுவாளா? நான் வீடு வீடாப் போயி வாயால கேட்டுக்கிடுதேன்."

பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே உள்ளே போய்விட்டாள். கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கணக்காகச் சொன்னாள்.

அவளுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. மேலத்தெரு மருமகளுக்குக் கட்டில். வேலை முடிந்து வந்து, ஒரு மரச்சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளும் கை முறிந்த பெண்ணும் இன்னும் ரெண்டு பேரும் தெருத் தெருவாகப் போவார்கள்.

"என்னக்கா, பேன் பாக்க வந்தீங்களா?"

"ஆமாட்டி, ஒனக்கு இல்ல. ரேஷன் கடைக்குத்தான் ஈரும் பேனும் பிடிச்சுக் கெடக்கு. வாரி எடுக்கணும்."

இந்த மாதிரிப் பேச்சு என் வாயில் என்றைக்கும் வந்ததில்லை. திருடிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். கட்டிலுக்கு அது பொருந்தாது.

நான் ஆட்டோவில் உட்கார்ந்து கட்டிலுக்குக் கேட்டேன். மேலத்தெருவில் ஒன்றும் இல்லை. ஓடையைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, வீட்ல சோறு கெடைக்கா?"

"ஏ மாமா, கட்டிலுக்குக் கேக்கீரு, ஒமக்கு ராத்திரி கட்டில் உண்டா, வாசல்தானா?"

"ஓட்டை விடும்வே, மொதல்ல உசுரைப் பாரும்!"

ஆட்டோ ஓட்டுகிறவன் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டினான். எங்கள் வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தெரு முழுக்கப் பார்க்கிறது. மைக்கை நிறுத்திவிட்டுக் கடந்து போகலாம் என்றுதான் இருந்தேன். அவள் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள்.

"என்ன, எங்க வீட்டுக்குக் கேக்க மாட்டீங்களா? நாங்க வாக்காளர் இல்லையா?"

என்ன செய்ய? மைக்கைப் பிடித்து, "தாய்மார்களே, கட்டில் சின்னத்துக்கு உங்கள் பொன்னான வாக்குகளை…" என்றேன். அவள் இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சாய்த்து, எல்லா வீட்டிலும் சொல்வதைப் போலவே சொன்னாள்:

"வாங்க அண்ணாச்சி. கட்டாயம் போட்டுருதோம்."

தெரு கொள்ளாத சிரிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் சிரிப்பில்தான்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. இது சின்ன வார்டு. எல்லாம் சேர்ந்து முந்நூறு ஓட்டு தேறாது. ஒவ்வொரு வீட்டையும் விரலில் எண்ணலாம். மேலத்தெருவில் உறவுக்காரர்கள் கட்டிலுக்கு. எங்கள் தெரு சீப்புக்கு. நடுவில் ஒரு பத்துப் பன்னிரண்டு வீடு யார் பக்கம் என்று தெரியவில்லை. அந்த வீடுகளுக்கு முன்னால் போகும்போதெல்லாம் என் தொழில் புத்தி நன்றாகச் சொல்லச் சொன்னது. நன்றாகத்தான் சொன்னேன். குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாங்கின வெற்றிலைக்கு வாய் கோணக் கூடாது.

ஓட்டு எண்ணிக்கை யூனியன் ஆபீஸ் இருக்கிற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில். அவள் உள்ளே போனாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பொங்கலுக்குப் போவது போலக் கூட்டம். வார்டு ஓட்டு வெள்ளைச் சீட்டு, சீக்கிரம் எண்ணிவிடுவார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் வெளியே வந்துவிட்டாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள், பக்கத்தில் வந்து, "மூணு ஓட்டு" என்றாள்.

"கூடவா?"

"கொறைய."

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். அவள் ஜன்னல் வழியாக மக்காச்சோளக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று ஓட்டு. அந்த மூன்று பேர் என் குரலைக் கேட்டுப் போட்டவர்களா? என்னையே கேட்டுக்கொண்டால் பதில் வருமா? வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஒனக்குத்தான் போட்டேன். சீப்புலதான் குத்துனேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "போடலைன்னா வந்து சொல்லுங்க, சண்டை போடுதேன். போட்டதுக்கு ஒரு சேதியா?"

"என் குரலால தோத்தியோன்னு இருக்கு."

"ஒங்க குரலுக்கு விழுந்திருந்தா முப்பது ஓட்டுல தோத்திருப்பேன். அவிய சொந்தக்காரங்க அவியளுக்குப் போட்டாவ. அவ்வளவுதான். எனக்கு விழுந்தது அத்தனையும் நான் வாசல்ல நின்னு வாயால கேட்டது." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "அந்தப் பிள்ளைக்குக் கை இன்னும் சரியா மடங்கல. கடை வரும்னு அவகிட்ட நான் சொல்லிட்டேன்" என்றாள்.

அப்போதுதான் தோல்வி என்பது அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்தது.

மார்கழிக் கடைசியில் யாரும் எதிர்பார்க்காமல் ரெண்டு நாள் மழை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. ஜெயித்த அம்மா நன்றி சொல்லக் கிளம்பினார். வழக்கம்போல ஆட்டோ, குழாய், நான். மேலத்தெரு முடிந்து ஓடைப்பக்கம் திரும்பியதும் ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான்.

"இதுக்கு மேல சக்கரம் சுத்தாது. மண்ணு களி மாதிரி ஒட்டும்."

நான் திரும்பிவிடலாம் என்றேன். அந்த அம்மா நல்ல மாதிரி. முப்பது வயது இருக்கும். "ஓட்டுக் கேக்க வந்துட்டு நன்றிக்கு வரலைன்னா நல்லாவா இருக்கும்? நான் நடந்து போறேன்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். ஓட்டுக் கேட்க வந்தபோதெல்லாம் அந்தப் பாதை காய்ந்து கிடந்தது. ஈரத்தில் அவர் அதில் கால் வைத்ததே இல்லை. அவர்கள் வீடு ரேஷன் கடைக்கு நாலாவது வீடு.

முப்பது அடி போவதற்குள் ஒரு செருப்பு போனது. அதை எடுக்கக் குனிந்தார், இன்னொரு கால் முழங்கால் வரை இறங்கியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நான் இறங்கிப் போனேன். எனக்கும் அதே கதி. கையில் மைக் வேறு. நாங்கள் ரெண்டு பேரும் காட்டுக்குள் நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றோம்.

எங்கள் தெருவிலிருந்து பார்த்துவிட்டார்கள். அவள்தான் முதலில் வந்தாள், கையில் ரெண்டு பருத்தி மாரோடு, காய்ந்த செடிக் குச்சியோடு. வெறுங்கால். அந்த மண்ணில் எங்கே மிதிக்க வேண்டும் என்று அவள் காலுக்குத் தெரியும். பாதையை விட்டு, வரப்பில் புல் இருக்கிற இடமாக வந்தாள்.

"செருப்பை விடுங்க, அது கோடையில கெடைக்கும். காலை நேரா இழுக்காதீங்க. குதிங்காலை மொதல்ல திருப்புங்க. இந்தாங்க, கையைப் பிடிங்க."

அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்து வரப்பில் ஏற்றினாள். மாரை ஒடித்துக் காலில் அப்பியிருந்த மண்ணை வழித்தாள். வழித்த மண் ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். "ஒவ்வொரு காலுலயும் ரெண்டு கிலோ இருக்கும் போல" என்று அந்த அம்மா மூச்சு வாங்கினார்.

அவள் நிமிராமல் சொன்னாள்: "ரெண்டு கிலோ காலுல. இருபது கிலோ தலையில. அப்படித்தான் நாங்க வாரோம்."

சண்டைக் குரலில் சொல்லவில்லை. மண்ணை வழித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பாதையைக் கண்ணால் ஓடை வரைக்கும் அளந்தார். அப்புறம் எங்கள் தெரு வரைக்கும் அளந்தார்.

"எழுதிக் குடுங்கக்கா. கிராம சபையில நான் பேசுதேன்."

"எழுதுதது நான் எழுதுதேன். பேசுததும் நானே பேசுதேன். நீங்க பக்கத்துல நின்னு ஆமான்னு சொன்னாப் போதும். நீங்க சொன்னா மேலத்தெரு கேக்கும்."

"சரிக்கா."

என்னை யாரும் கவனிக்கவில்லை. "ஏட்டி, நான் ஒருத்தன் இங்கன நிக்கேன்" என்றேன்.

"நில்லுங்க. மொதல்ல மெம்பரு."

தை மாதக் கிராம சபையில் அவள் எழுந்து பேசினாள். முறிந்த கையைப் பற்றிப் பேசினாள், அந்தப் பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு. மேலத்தெருக்காரர் ஒருவர், "நாப்பது வீட்டுக்குத் தனிக் கடையா?" என்று எழுந்தார். மெம்பர் அம்மா அவர் பக்கம் திரும்பி, "சித்தப்பா, மழையன்னைக்கு ஒரு தடவை நடந்து பாத்துட்டு வந்து கேளுங்க" என்றார். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் எழுதினார்கள். அது உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மனு தாலுகா ஆபீசுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். தீப்பெட்டி ஆபீசில் அவளுக்கு எத்தனையோ நாள் சம்பளம் போனது.

கடைசியில் மாதத்தில் ரெண்டு நாள் பகுதி நேரக் கடை என்று உத்தரவு வந்தது. எங்கள் தெருக் கோடியில் பூட்டிக் கிடந்த பழைய பால்வாடிக் கட்டடத்தைச் சுத்தம் செய்து கொடுத்தோம். முதல் நாள் லாரி வந்து மூட்டை இறக்கியது. அவள் வரிசையில் பதினோராவது ஆளாக நின்றாள். எனக்கு அவள் முன்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அளந்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, கை முறிந்த பெண் கேட்டாள்: "யக்கா, நீங்க மெம்பரா ஆயிருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்லா?"

"ஆயிருந்தா அங்கன நாற்காலியில உக்காந்திருப்பேன். இந்த மூட்டையை ஒனக்கு யாரு தூக்குவா? பேசாம ஒரு பக்கம் பிடி, நோகாத கையால பிடி."

ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் வீட்டுக்கு அங்கிருந்து நாற்பது எட்டு வைத்தால் போதும்.